ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னென்ன கிடைக்கும்? கடலூர், புதுவைப் பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

முதுநகர் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். மாமனாருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது, படுக்கையில்தான் இருக்கிறார்கள். தங்கை முழுகாமல் இருக்கிறாள். அவளை நெல்லிக்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, அதாவது அரியாங்குப்பத்துக்கு வருவாள்.

இதுவரை எங்களுக்கு எல்லாமே தனியார் கிளினிக்தான். மாத்திரைச் செலவு மட்டும் வீட்டு வாடகையை நெருங்கிவிட்டது. வீட்டுக்காரர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, ஒரே சம்பளம். பக்கத்து வீட்டு அக்கா, "பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், எல்லாம் தருகிறார்கள், ஏன் காசைக் கொட்டுகிறாய்" என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்து அங்கே காய்ச்சல் மாத்திரையும் குழந்தைக்குத் தடுப்பூசியும்தான். சர்க்கரைக்கு, படுக்கையில் இருப்பவர்களுக்கு, கர்ப்பிணிக்கு உண்மையில் என்ன செய்வார்கள்? காப்பீட்டு அட்டை இருந்தால்தான் பார்ப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

நல்ல கேள்வி, அம்மா. சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்த அட்டையும் வேண்டாம், வருமான வரம்பும் கிடையாது. போய் ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டுப் போட்டால் போதும். காப்பீட்டு அட்டை என்பது பெரிய ஆபரேஷன், பெரிய ஆஸ்பத்திரி சிகிச்சைக்கானது. அதைப் பிறகு பேசலாம்.

நிலையங்களின் அமைப்பு இப்படி: சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. துணை நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருப்பார். ஆரம்ப நிலையத்தில் டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் எல்லாரும் உண்டு. பெரும்பாலான நிலையங்களில் இரவிலும் நர்ஸ் இருந்து பிரசவம் பார்ப்பார்கள்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். 30 வயது தாண்டிய யார் போனாலும் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்ப்பார்கள். தொற்றா நோய்ப் பிரிவு என்று தனியாக நர்ஸ் இருப்பார். அவரிடம் பெயர் பதிந்து கையில் ஒரு குறிப்பேடு தருவார்கள். ஒவ்வொரு மாதமும் பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று அதில் ஏறும். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், எனலாபிரில் போன்ற வழக்கமான மாத்திரைகள் எல்லாம் இலவசம். தனியார் சீட்டில் இருப்பது வணிகப் பெயர். கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்றி எழுதுவார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மாமியாருக்கு "மக்களைத் தேடி மருத்துவம்". 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். நடக்க முடியாதவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை (வலி, புண் போன்ற தொல்லைகளைக் குறைக்கும் கவனிப்பு), இயன்முறை மருத்துவம் இரண்டுமே வீட்டில் தருகிறார்கள். வட்டாரத்துக்கென்று பிசியோதெரபிஸ்ட் உண்டு. அவர் வந்து கை, காலை எப்படி அசைக்க வேண்டும் என்று வீட்டாருக்கும் பழக்கிவிட்டுப் போவார். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, நிலையத்தில் பெயரைச் சொல்லிப் பட்டியலில் சேர்ப்பது. கேட்காத வீட்டை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணமே போய்க் கேட்காததுதான் என்று நான் நினைக்கிறேன்.

சிப்காட் ஷிப்ட்

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்கள் எப்போது போவது? ஓ.பி. என்றாலே காலைதான். ஜெனரல் ஷிப்டில் இருப்பவன் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போச்சு. எனக்கும் பிரஷர் இருக்கிறது. ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) காலையில் போய் நின்றேன், ஆய்வக ஆள் பயிற்சிக்குப் போயிருக்கிறார், ரத்தம் எடுக்க நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் எப்படிப் போவது? கிளினிக் ராத்திரி ஒன்பது மணிக்கும் திறந்திருக்கிறது, அதனால்தான் ஜனங்கள் அங்கே போகிறார்கள். இலவசம் என்று மட்டும் சொன்னால் போதாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

தம்பி, உங்கள் குறை நியாயமானது, மழுப்ப மாட்டேன். ஆள் பற்றாக்குறை உண்மை. ஒரே ஆய்வக நுட்பநர் இருக்கும் இடத்தில் அவர் இல்லாவிட்டால் பரிசோதனை நின்றுவிடும். கூலி வேலைக்குப் போகிறவர்களை மறுநாள் வரச் சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமம். துறை இதைச் சரி செய்துதான் ஆக வேண்டும்.

இருந்தாலும் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. கடலூர் இப்போது மாநகராட்சி. நகரங்களில் "நகர்ப்புற நலவாழ்வு மையம்" என்று சின்னச் சின்ன மையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்பது அவற்றின் நேரம். வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் மாலை நேரம் வைத்தார்கள். உங்கள் வார்டுக்கு எது என்று மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, 2024இல் தொடங்கிய "தொழிலாளரைத் தேடி மருத்துவம்". தொழிற்சாலைக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து அங்கேயே மாத்திரை கொடுப்பது. உங்கள் கம்பெனியின் பணியாளர் பிரிவிலோ சங்கத்திலோ பேசி, வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். தனி ஒருவர் கேட்பதைவிட ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால் வேகமாக நடக்கும்.

பாகூர்ப் பக்கம்

புதுச்சேரிக்காரன். ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். மேலே ஐயா சொன்னவை தமிழ்நாட்டுத் திட்டங்கள். எங்கள் பக்கம் அதே பெயரில் தேடினால் கிடைக்காது. கடலூரிலிருந்து பஸ் ஏறி முள்ளோடை தாண்டினால் அரசு வேறு, துறை வேறு.

ஆனால் அடிப்படை வசதி எங்களுக்கும் உண்டு. பாகூர், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், வில்லியனூர், லாஸ்பேட்டை என்று எல்லாப் பக்கமும் நிலையங்கள் உண்டு. கரிக்கலாம்பாக்கம், மண்ணாடிப்பட்டு சமுதாய நல வழி மையங்கள் கொஞ்சம் பெரியவை. வீட்டுப் பக்கம் வருபவர்கள் ஏ.என்.எம். சிஸ்டரும் (துணைச் செவிலியர்) ஆஷா என்ற ஊர் சுகாதாரப் பணியாளரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை, கர்ப்பிணிப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் இலவசம்தான்.

எங்களிடம் இருக்கும் பெரிய சிக்கல் வேறு. பக்கத்திலேயே, கோரிமேட்டில், மத்திய அரசின் பெரிய ஆஸ்பத்திரியான ஜிப்மர் இருப்பதால் தலைவலி என்றாலும் அங்கே போய்விடுகிறோம். அங்கே கடலூர், விழுப்புரம் மட்டுமல்ல, எங்கெங்கிருந்தோ வந்து விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அந்த வரிசையில் வயதானவர்களை நிற்க வைப்பது கொடுமை. ஒரு முறை பெரிய டாக்டர் பார்த்து மருந்தை முடிவு செய்த பிறகு, அந்தச் சீட்டை உள்ளூர் நிலையத்தில் காட்டித் தொடரலாமா என்று அங்கேயே கேளுங்கள். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். இப்போது பாகூரிலேயே வாங்கிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

கிராம செவிலி

முதுநகர் மருமகள் தங்கச்சி, உங்கள் தங்கை விஷயம் யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன்.

தங்கைக்கு இப்போது எத்தனை மாதம்? இன்னும் பதியவில்லை என்றால் நாளைக்கே நெல்லிக்குப்பத்தில் பதியச் சொல்லுங்கள். 12 வாரத்துக்குள் பதிவது நல்லது. பதிந்ததும் ஆர்.சி.எச். எண் என்ற தாய் சேய் நலப் பதிவு எண் வரும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் எங்களிடம் பதியத்தான் வேண்டும்.

எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். எடை, பிரஷர், ரத்த அளவு (ஹீமோகுளோபின்), சிறுநீர் எல்லாம் பார்ப்போம். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். அது கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க. 140க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். "எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே" என்று சொல்லி அந்த இரண்டு மணி நேரம் உட்காராமல் கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து உட்காரச் சொல்லுங்கள். குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகிப் பிரசவம் சிக்கலாவதை முன்கூட்டியே தடுக்கும் பரிசோதனை அது.

ரத்த அளவு 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளுக்குத் தருகிறோம். அதை டீ, காபியோடு சேர்த்துப் போடக் கூடாது, உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஊசியாக ஏற்றுவோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய், தவணையாக வரும். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. உங்கள் தங்கை பிரசவத்துக்குப் புதுவை போகப் போவதால் இதை முன்கூட்டியே அவளுடைய செவிலியரிடம் தெளிவாகக் கேட்டு வைக்க வேண்டும், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். போகும்போது தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆர்.சி.எச். எண் மூன்றும் பையில் இருக்கட்டும். அரியாங்குப்பம் போனதும் அங்கே உள்ள சிஸ்டரிடம் ஒரு முறை காட்டிவிடச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் உள்ள நானும் அந்தப் பக்கம் உள்ள அவரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். அட்டைதான் எங்களுக்குள் பேசும். எட்டாம் மாதம் கிளம்பிப் போய் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வலி வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பாகூர்ப் பக்கம்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அரியாங்குப்பத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பெரும்பாலும் எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைதான். இப்போதே ஒரு நாள் போய் எந்த வாசல், எங்கே பதிவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரான்

எல்லாம் படித்தேன். ஒரு சந்தேகம் நேராகவே கேட்கிறேன். அரசு மாத்திரை வேலை செய்யாது என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் மஞ்சள் மாத்திரை. நம்புவதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

மருந்தாளுநர்

நிறம் மாறுவதற்குக் காரணம் எளிது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று இருக்கிறது, 1994இல் தொடங்கியது. மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து டெண்டர் விட்டு அதுதான் மருந்து வாங்குகிறது. டெண்டர் யாருக்குப் போகிறதோ அந்தக் கம்பெனி மாத்திரை வரும், அதனால் நிறமும் அளவும் மாறும். உள்ளே இருக்கும் மருந்து அதேதான்.

தரத்துக்கு வருகிறேன். மாவட்டக் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும்வரை அந்தப் பெட்டிகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே போகும். இந்த முறையைப் பார்த்து மற்ற மாநிலங்களும் இதுபோன்ற கழகங்களை உருவாக்கிக்கொண்டன. நான் தனியார் கடையிலும் வேலை பார்த்தவன், இங்கேயும் பார்க்கிறேன். என் அம்மாவுக்கு இங்கிருந்துதான் மாத்திரை கொண்டு போகிறேன்.

"வேலை செய்யவில்லை" என்று வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தினமும் போட்டீர்களா? இலவசமாக வந்த மாத்திரையை நாலு நாள் போட்டு இரண்டு நாள் விடுகிறார்கள். சர்க்கரை குறையாது, பழி மாத்திரைக்குப் போகும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும், அதன் பிறகு வாதமே தேவைப்படாது.

பெரியவர்களிடம் நிறத்தைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரைக் காட்டுங்கள். நிறத்தை வைத்துப் பழகியவர்கள் ஒரே மருந்தை இரண்டு நிறத்தில் சேர்த்துப் போட்டுவிடும் ஆபத்து உண்டு.

தேவனாம்பட்டினம் அம்மா

நாய்க்கடியை யாரும் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் குழந்தைகளை விளையாட விட முடியவில்லை. என் பேரனைக் கடித்தபோது முதலில் மஞ்சளும் மிளகாயும் அரைத்து அப்ப வந்தார்கள், நான் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னபடி குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி காசில்லாமல் போட்டார்கள். இதுபற்றித் தெரிந்தவர் சரியான விவரம் எழுதினால் எல்லாருக்கும் உதவும்.

கிராம செவிலி

அம்மா, நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போட்டு மூடவும் கூடாது. அன்றைக்கே முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாள். தோலுக்குள் இரண்டு இடத்தில் போடுவோம், தொப்புளைச் சுற்றிப் போடும் காலம் எல்லாம் மலையேறிவிட்டது. காயம் ஆழமாக, ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும். அது நிலையத்தில் இல்லை என்றால் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், தட்டாமல் போய்விடுங்கள். வளர்ப்பு நாய், குட்டி நாய், பூனை என்று சலுகை காட்ட வேண்டாம். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடுகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை.

பண்ருட்டி பலாக்காரர்

முந்திரிக் காட்டிலும் கரும்புக் கொல்லையிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்புக்கடியையும் சொல்லுங்கள் அக்கா.

கிராம செவிலி

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் 108க்குப் போன் செய்யுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம், அதைத் தேடும் நேரத்தில் இவர் நிலைமை மோசமாகிவிடும். மந்திரிக்க அழைத்துப் போய்த் தாமதமாக வந்தவர்களை நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

நெஞ்சுவலியையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். "இதயம் காப்போம்" என்று 2023இல் வந்த திட்டப்படி, மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின்) ஆரம்ப நிலையத்திலும் துணை நிலையத்திலும் இருக்கின்றன. கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கிராமத்திலிருந்து கடலூர் வரும் நேரம் சும்மா கழியாமல் இருப்பதற்கு இது. வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அதே ஆண்டு வந்த "சிறுநீரகம் காப்போம்" திட்டத்தில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். முதுநகர் அம்மா, மாமனாருக்கு இதையும் கேட்டுப் பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சிறுநீரகம்தான் சத்தமில்லாமல் கெடும்.

குறிஞ்சிப்பாடி டீச்சர்

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாய், மார்பகம் இரண்டுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை நிலையத்தில் செய்கிறார்கள், 30 வயதுக்கு மேல். எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் பெண்களிடம் சொன்னால் "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு" என்கிறார்கள். ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தானே அது. பெண் நர்ஸ்தான் பார்க்கிறார், தனி அறை, சில நிமிட வேலை. வெள்ளைப்படுதலைக்கூட வீட்டில் சொல்லாமல் வருடக்கணக்கில் மறைக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அம்மாவை, அக்காவை நாம்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

வெற்றிலை, புகையிலை போடும் பாட்டிகளுக்கு வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம் இருந்தால் உடனே போக வேண்டும்.

கெடிலக்கரை

மனநலம் பற்றிக் கேட்கலாமா? சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என் தம்பி சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, வேலைக்கும் போவதில்லை. வீட்டில் காத்து கருப்பு என்கிறார்கள். நிலையத்தில் இதற்கெல்லாம் பார்ப்பார்களா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

தயங்க வேண்டாம். கடலூர் மாவட்டம் 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் பார்த்தது. அந்தச் சமயங்களில் வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருவன். உடைந்த படகையும் சாய்ந்த பலா மரத்தையும் அரசாங்கம் கணக்கெடுத்தது, தூக்கம் போனவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. எத்தனையோ பேர் மருந்தில் தேறக்கூடிய மனச்சோர்வை மறைத்துக்கொண்டு குடியில் விழுந்தார்கள்.

உங்கள் தம்பிக்கு முதலில் இன்றே 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசுவார்கள், புதுவையிலிருந்தும் பேசலாம். அவன் பேச மறுத்தாலும் நீங்கள் பேசி வழி கேட்கலாம். தமிழ்நாட்டில் 104க்கும் பேசலாம். அப்புறம் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல டாக்டர் குறிப்பிட்ட நாளில் சில நிலையங்களுக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார். எந்த நாள், எந்த இடம் என்று உங்கள் நிலையத்தில் கேளுங்கள். மருந்து இலவசம். செத்துப் போகிறேன் என்ற பேச்சு அவனிடம் வந்தால் நாள் பார்க்காதீர்கள், தனியாக விடாமல் நேராகத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கெடிலக்கரை

ரொம்ப நன்றி ஐயா. நம்பரைக் குறித்துக்கொண்டேன். இன்று மாலை பேசுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரான்

என் அப்பாவுக்கு மூட்டு வலி. நிலையத்தில் சித்தா பிரிவு இருக்கிறதாமே? சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு முழுக்க சித்தாவுக்கு மாறலாமா என்று கேட்கிறார்.

மருந்தாளுநர்

பல நிலையங்களில் உண்டு. மூட்டு வலிக்குத் தைலமும் சூரணமும் தருவார்கள், வலி குறைந்தவர்களைப் பார்க்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது அப்பாவாக முடிவு செய்யக்கூடிய விஷயமில்லை. இரண்டு டாக்டரும் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். இருவரிடமும் இரண்டு மருந்தையும் காட்டச் சொல்லுங்கள். கடையில் விற்கும் பெயரில்லாப் பொடிகளை மட்டும் வாங்க வேண்டாம்.

சிப்காட் ஷிப்ட்

எங்கள் சங்கத்தில் பேசிவிட்டேன். கடிதம் எழுதுகிறோம். ஆய்வாளர் ஐயாவுக்கு நன்றி. கூடவே ஒன்று: என்னோடு வேலை பார்ப்பவருக்கு மூன்று வாரமாக இருமல், கெமிக்கல் புகை என்று விட்டுவிட்டார்.

கிராம செவிலி

இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் தம்பி. காசநோய் என்றால் வழக்கமாக ஆறு மாத மருந்து, முழுக்க இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. உடம்பு தேறியது போல் தெரிந்தவுடன் நடுவில் நிறுத்தினால் அப்புறம் வழக்கமான மருந்தே கேட்காமல் போகும். புகையும் காரணமாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லட்டும்.

முதுநகர் மருமகள்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமனாரைக் கூட்டிப் போய்ப் பதிந்துவிட்டோம். அவருடைய மாத்திரைகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கிறது. அந்த ஒன்றுக்கு மாற்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். தங்கையும் பதிந்துவிட்டாள். மாமியாரின் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அடுத்த வாரம் வீட்டுக்கு வருவார்களாம்.

இரண்டு கேள்வி மிச்சம். காப்பீட்டு அட்டை எங்கே எடுப்பது? மாமியாருக்கு முதுகுக்குக் கீழே தோல் சிவந்து லேசாக உரிந்திருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். வருமானம் கூடுதலாக இருந்தாலும், 70 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் காப்பீடான ஆயுஷ்மான் அட்டை உண்டா என்று அங்கேயே கேளுங்கள்.

கிராம செவிலி

அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம் தங்கச்சி, அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே நிலையத்துக்குப் போன் செய்து, படுக்கையில் இருப்பவருக்குப் புண் வந்திருக்கிறது, சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் முன்னதாக வருவார்கள், காயத்துக்குக் கட்டுப் போடும் சாமானும் எடுத்து வருவார்கள். அதுவரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள், ராத்திரியும்தான், வீட்டில் இருப்பவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள். இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்கித் திருப்ப வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடரும் வேண்டாம். துணி ஈரமானால் உடனே மாற்றிவிடுங்கள், விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. முட்டை, பருப்பு, மீன் எது சாப்பிடுகிறார்களோ கொடுங்கள், புண் ஆறப் புரதம் வேண்டும். தண்ணீர் மெத்தையோ காற்று மெத்தையோ கிடைக்குமா என்று வரும் நர்ஸிடம் கேளுங்கள்.